இதயத்தின்ட பொட்டாசியம் வாசலும் மூலிகையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீங்க ஆர், ஏன் இதை எழுதுறீங்க?

வெள்ளவத்தையில ஒரு பாமசி கவுண்டரில கன வருஷமா நிக்கிறன். ஒரு கையில கிளினிக் கொப்பி, மற்றக் கையில புறக்கோட்டை கபோஸ் ஒழுங்கையில வாங்கின மூலிகைச் சரை, இப்பிடித்தான் எங்கட ஆக்கள் கனபேர் வருவினம், குளிசையைப் பற்றிக் கேப்பினம், சரையைப் பற்றி நாங்க கேட்டாத்தான் சொல்லுவினம், அதுவும் "அது மருந்தில்லை தம்பி, சும்மா கசாயம்" எண்டுதான் சொல்லுவினம். அந்த "சும்மா" எண்ட சொல்லுக்காகத்தான் இவ்வளவும் எழுதுறன். செடியில இருக்கிற சில சத்துகள் இதயத்தில உள்ள ஒரு பொட்டாசியம் சனலை அடைக்கும், குளிசையில இருக்கிறதும் அதே சனலை அடைக்கும், ரெண்டும் ஒரே உடம்புக்குள்ள சந்திச்சா என்ன நடக்கும் எண்டதுதான் கதை.

பொட்டாசியம் சனல் எண்டா என்ன?

இதயத்தின்ட ஒவ்வொரு செல்லும் ஒரு துடிப்புக்கு ஒருக்கா சார்ஜ் ஏறி இறங்குது. சோடியமும் கல்சியமும் உள்ள வரேக்க சார்ஜ் ஏறும், இதயம் சுருங்கும். பேந்து பொட்டாசியம் வெளிய போனாத்தான் சார்ஜ் இறங்கி, செல் அடுத்த துடிப்புக்கு ரெடியாகும். பொட்டாசியம் வெளிய போற வாசலுகளில முக்கியமான ஒண்டுக்குப் பேர் ஹெர்க்.

காலமை 8 மணிக்கு கோட்டை ஸ்டேசனை நினைச்சுப் பாருங்க. ரயில் வந்து நிக்குது, சனம் இறங்கி வாசலால வெளிய போகோணும். ரெண்டு மூண்டு வாசல் இருக்கு, ஆனா பெரிய வாசலைப் பூட்டிட்டா சனம் பிளட்ஃபோமிலயே தேங்கி நிக்கும், அதுக்குள்ள அடுத்த ரயிலும் வந்திடும், தள்ளுமுள்ளு தொடங்கிடும். ஹெர்க் அடைபட்டா இதயத்திலயும் இதுதான், செல் ஆறுறதுக்கு நேரம் கூடப் போகுது, முழுசா ஆறமுதலே நேரங்கெட்ட நேரத்தில ஒரு துடிப்பு கிளம்பினா தாளம் குழம்பிடும்.

ஹெர்க் எண்டது என்ன பேர்?

ஈயில இருந்து வந்த பேர். 1960களில பழ ஈக்களை வச்சு ஆராய்ச்சி செய்யேக்க, ஒரு வகை ஈ ஈதர் மயக்கத்தில காலை உதறி ஆடினதைப் பாத்து, அந்தக் காலத்து கோ-கோ டான்ஸ் மாதிரி இருக்கெண்டு அந்த ஜீனுக்கு "ஈதர் அ கோ-கோ" எண்டு பேர் வச்சினம். 1994ல மனுசரில அதுக்குச் சொந்தக்கார ஜீன் ஒண்டைக் கண்டுபிடிச்சினம், அதின்ட சுருக்கம்தான் ஹெர்க். அடுத்த வருஷமே, 1995ல, செல் ஆற நேரம் கூடப் போற, பரம்பரையா வாற லோங் கியூடி எண்ட இதய வருத்தத்தில ஒரு வகைக்கு இந்த ஜீனில உள்ள பிழைதான் காரணம் எண்டும் தெரிஞ்சிட்டுது. அந்த வகைக்காரர் சிலருக்கு அலாரம் திடீரெண்டு அடிச்சாலே, போன் பெல் கேட்டாலே மயக்கம் வரலாம். வீட்டில அப்பிடி ஆரும் இருந்தா அதைப் "பயந்த சுபாவம்" எண்டு விட்டிடாதீங்க, ஒரு ஈசிஜி எடுங்க.

ஏன் இவ்வளவு மருந்து இந்த ஒரு சனலில போய் மாட்டுது?

இதின்ட உள்ளறை மற்றப் பொட்டாசியம் சனலுகளை மாதிரி இல்லாம, கன விதமான மூலக்கூறு நுழைஞ்சு தங்கக்கூடிய மாதிரி இருக்கு. சுவரில டைரோசின் 652, ஃபினைல்அலனின் 656 எண்டு ரெண்டு அமினோ அமிலம் ஒட்டுப்பசை மாதிரி நிக்குது. வளையமும் நைட்ரஜனும் உள்ள மூலக்கூறு உள்ள போனா அதில ஒட்டிக்கொள்ளும். 2017ல கிரையோ மைக்ரோஸ்கோப்பில சனலின்ட வடிவத்தையே படமா எடுத்திட்டினம். செடி செய்யிற அல்கலோயிட் எண்ட கசப்புச் சத்துகள் கனக்கவும் வளையமும் நைட்ரஜனும் சேர்ந்ததுதான், அதாலதான் மூலிகையும் இந்த அறைக்குள்ள வந்து மாட்டுது.

அலர்ஜிக்கு வந்த டெர்ஃபெனடின், வயித்துக்கு வந்த சிசாப்ரைட், ரெண்டும் இந்தச் சனலை அடைச்சு உயிரை எடுத்ததாலதான் 1990களின்ட கடைசியிலயும் 2000லயும் அமெரிக்கச் சந்தையில இருந்து போனது. 2005ல இருந்து புது மருந்தெண்டா ஹெர்க் டெஸ்ட் செய்யோணும் எண்டு சர்வதேச வழிகாட்டியே வந்திட்டுது. கசாயச் சரைக்கு அப்பிடி ஒரு டெஸ்டும் இல்லை.

கியூடி, கியூடி எண்டு டொக்டர்மார் சொல்லுறது என்ன?

ஈசிஜி பேப்பரை எடுத்து வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்க. ரோஸ் நிறத்தில சின்னச் சின்னப் பெட்டி இருக்கும். பேப்பர் செக்கனுக்கு 25 மில்லிமீட்டர் ஓடும், ஒரு சின்னப் பெட்டி 1 மில்லிமீட்டர், அதாவது 40 மில்லிசெக்கன். கூரா ஏறி இறங்கிற கோடு தொடங்கிற இடத்தில இருந்து, பேந்து வாற மேடு முடியிற இடம் மட்டும் எத்தினை பெட்டி எண்டு எண்ணினா அதுதான் கியூடி. நாடி 60ல ஓடுற ஒராளுக்கு 10 பெட்டியெண்டா 400, ஒரு பிரச்சினையும் இல்லை. ஆம்பிளையளுக்கு 450, பொம்பிளையளுக்கு 460 மட்டும் பறவாயில்லை எண்டு பொதுவா எடுப்பினம். 500க்கு மேல போனா வார்டில எல்லாரும் கொஞ்சம் கெதியா நடக்கத் தொடங்குவினம்.

நாடி கூடிக் குறைஞ்சா கணக்கு மாறும், அதுக்கு 1920ல பாசெட் எண்டவர் போட்ட சூத்திரத்தைத்தான் இப்பவும் கனபேர் பாவிக்கினம். அப்பிடித் திருத்தின கணக்கைத்தான் கியூடிசி எண்டு ரிப்போட்டில அடிச்சிருக்கும்.

கியூடி நீண்டா வரக்கூடிய அந்தக் குழம்பின தாளத்துக்குப் பேர் டோர்சாட் டி பாயின்ட், 1966ல பிரான்சில டெசெர்டென் எண்ட டொக்டர் வச்ச பேர். ஈசிஜியில கோடு முறுக்கின ரிப்பன் மாதிரி சுத்திச் சுத்தி வரும். சிலருக்குத் தானா நிண்டிடும், மயங்கி விழுந்து எழும்புவினம். சிலருக்கு நிக்காது.

செடியில இருந்து வந்ததில இதுக்கு முதல் உதாரணம் எது?

குயினிடின். சிங்கோனா மரப்பட்டையில குயினைனோட கூடப் பிறந்தது, ரெண்டுக்கும் அணுக்கள் ஒண்டுதான், அடுக்கி இருக்கிற விதம் மட்டும் வேற. 1912ல ஒரு டச்சு வியாபாரி, வெங்கெபாக் எண்ட இதய டொக்டரிட்டப் போய், என்ட இதயம் தாளம் தப்பினா ஒரு கிராம் குயினைன் குடிப்பன், 25 நிமிஷத்தில சரிவரும் எண்டு சொன்னாராம். டொக்டர் நம்பேல்லை, அந்த மனுசன் அடுத்தநாள் சரியான நாடியோட வந்து நிண்டு காட்டியிருக்கிறார். 1918ல ஃபிரெய் எண்டவர் சிங்கோனாச் சத்துகளை ஒப்பிட்டுப் பாத்து இதயத்துக்கு குயினிடின்தான் கூடக் கேக்குது எண்டு சொன்னார். ஆனா குயினிடின் குடிச்ச சிலர் திடீரெண்டு மயங்கி விழுந்தினம், அதுக்கு "குயினிடின் மயக்கம்" எண்டே ஒரு பேர் வந்திட்டுது. 1960களிலதான் அது டோர்சாட் மாதிரித் தாளக் கோளாறு எண்டு விளங்கினது, அது அடைக்கிறது ஹெர்க் சனலை எண்டு தெரிய இன்னும் 30 வருஷம் போச்சுது.

இதில எங்கட நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கு. நுவரெலியாவுக்குப் பக்கத்தில ஹக்கல தோட்டம், இப்ப எல்லாரும் பூப் பாக்கப் போறது, 1861ல தொடங்கினதே சிங்கோனா வளர்த்துப் பாக்கத்தான். கோப்பிக்கு 1869ல நோய் பிடிச்சு அழிஞ்சு போகேக்க துரைமார் சிங்கோனாவை நட்டாங்கள், 1880களில சந்தையில பட்டை குவிஞ்சு விலை விழுந்தது, பிறகுதான் தேயிலை முழுசா வந்தது. அந்தத் தோட்டங்களில வேலை செய்ததும் பெரும்பாலும் மலையகத் தமிழ்ச் சனம்தான். தேயிலையைப் பற்றி எல்லாரும் பேசீனம், அந்தப் பட்டையைப் பற்றி ஆரும் பேசுறேல்லை எண்டது எனக்கு எப்பவும் ஒரு குறை.

மரமஞ்சள் குடிக்கலாமா? சிங்களத்தில வெனிவெல் எண்டு சொல்லுறது?

ஆகக்கூட வாற கேள்வி இதுதான். தடிமனுக்குக் குடிக்கிற பஸ்பங்குவ எண்ட கசாயத்திலயும் இருக்கு, கொத்தமல்லியோட அவிச்சும் குடிப்பினம், கொரோனா காலத்தில இது இல்லாத வீடே இல்லை எண்டு சொல்லலாம். அந்தத் தண்டை வெட்டினா உள்ளுக்க பளிச்செண்டு மஞ்சளா இருக்கும், நாக்கில வச்சா கசப்பு மூளைக்குப் போகும். அந்த மஞ்சளும் கசப்பும் முக்கியமா பெர்பெரின் எண்ட அல்கலோயிட்.

பெர்பெரின் ஹெர்க் சனலை அடைக்கும், அது லாப்பில பல தரம் காட்டின விஷயம். அதுவும் ரெண்டு விதமா. ஒண்டு, நேரா வாசலுக்குள்ள போய் அடைக்கிறது. மற்றது, செல்லுக்குள்ள செய்து முடிச்ச சனல் புரதம் மேல் சுவருக்குப் போய்ச் சேராம உள்ளயே தடுக்கிறது, அதாவது புதுக் கதவு வாசலுக்கே வந்து சேராது. இந்த ரெண்டாவது விளைவு உடன தெரியாது, மணித்தியாலக் கணக்கில மெதுவாத்தான் வரும்.

இனி பயப்படுறவை இதையும் கேளுங்க. வாயால குடிக்கிற பெர்பெரினில நூற்றில ஒரு பங்குகூட ரத்தத்துக்கு வாறேல்லை. லாப்பில சனலை அடைக்கத் தேவைப்பட்ட அளவுக்கும் சாதாரணமா ரத்தத்தில வாற அளவுக்கும் இடைவெளி பல நூறு மடங்குக்கு மேல. தடிமனுக்கு ரெண்டு மூண்டு நாள் ஒரு கோப்பை கசாயம் குடிக்கிற, வேற வருத்தம் இல்லாத ஒராளுக்கு நான் ஒண்டும் சொல்ல மாட்டன், நானே குடிச்சிருக்கிறன்.

நான் யோசிக்கிறது வேற ஆக்களை. இப்ப சீனி வருத்தத்துக்கும் மெலியிறதுக்கும் எண்டு பெர்பெரின் கப்சூல் 500 மில்லிகிராம் கணக்கில ஒன்லைனில வாங்கி மாசக்கணக்கா போடுறவை இருக்கினம், அது கசாயமில்லை, அளவு எங்கயோ போயிட்டுது. அதோட பெர்பெரின் ஈரல் என்சைம் சிலதையும் மந்தமாக்கும், சிப் 3ஏ4 அதில ஒண்டு. அந்த என்சைம் கரைக்க வேண்டிய குளிசை கரையாம ரத்தத்தில தங்கும், அந்தக் குளிசையே ஹெர்க்கை அடைக்கிற சாதியெண்டா ரெண்டு பக்கத்தாலயும் அடி.

உண்மையா ஆருக்கும் நடந்து பாத்திருக்கிறீங்களா?

என்ட பெரியம்மாவுக்கு. கொட்டாஞ்சேனையில இருக்கிறா, வயது 71, பிரஷருக்குத் தண்ணிக் குளிசை, அதாவது சிறுநீரைக் கூடப் போக வைக்கிற குளிசை, போடுறவ. நெஞ்சுச் சளிக்கு கிளரித்ரோமைசின் எண்ட அன்டிபயோட்டிக் குடுத்திருந்தது, அதோட மூண்டு நாள் வயித்தோட்டம், இதுக்குள்ள காலமையும் பின்னேரமும் மரமஞ்சள் கசாயம். நாலாம் நாள் குசினியில தேங்காய் துருவிக்கொண்டிருந்தவ அப்பிடியே சரிஞ்சிட்டா. ஒரு நிமிஷத்தில எழும்பி "ஒண்டுமில்லை, வெறும் வயித்தில நிண்டது" எண்டா. நான் கேக்கேல்லை, ஏத்திக்கொண்டு போயிட்டன்.

அந்த ஈசிஜியை நான் என்ட கையால எண்ணினன். நாடி 60, கியூடி 13 பெட்டி, 520. ரத்தத்தில பொட்டாசியம் 2.8, 3.5க்குக் கீழ போகக்கூடாது. பொட்டாசியமும் மக்னீசியமும் ஏத்தி, கிளரித்ரோமைசினையும் தண்ணிக் குளிசையையும் கசாயத்தையும் நிப்பாட்டினாங்கள், நாலு நாளில 11 பெட்டிக்கு வந்திட்டுது.

பழியை கசாயத்தில மட்டும் போட ஏலாது, போடவும் மாட்டன். கிளரித்ரோமைசின் தனியவே ஹெர்க்கை அடைக்கும், பொட்டாசியம் குறைவுதான் பெரிய காரணம், கசாயம் எவ்வளவு சேர்த்தது எண்டு ஆராலயும் பிரிச்சுச் சொல்ல ஏலாது. ஆனா நாலும் ஒரே கிழமையில ஒரே உடம்பில இருந்தது, அதில கசாயத்தைப் பற்றி மட்டும் எந்தக் கொப்பியிலயும் ஒரு வரி இல்லை. எனக்கும் தெரியாது, பாமசியில நிக்கிற எனக்கே தெரியாது.

பொட்டாசியம் குறைஞ்சா ஏன் கூடாது, குறைவா இருந்தா வெளிய போக லேசு தானே?

நல்ல கேள்வி, நானும் படிக்கேக்க குழம்பின இடம். வெளிய பொட்டாசியம் குறைவெண்டா உள்ளுக்க இருக்கிறது கெதியா போகோணும் எண்டுதான் தோணும். ஹெர்க் சனல் மற்றப் பக்கமா நடக்கும், வெளிய பொட்டாசியம் குறைஞ்சா இந்தச் சனல் கூட நேரம் பூட்டியே இருக்கும், அடைக்கிற மருந்தும் இன்னும் நல்லா ஒட்டும். வயித்தோட்டம், சத்தி, தண்ணிக் குளிசை மூண்டும் உடம்பில பொட்டாசியத்தைக் குறைக்கும், அதாலதான் இந்தக் கதையில திரும்பத் திரும்ப வரும்.

வேற என்னென்ன செடி இருக்கு?

ஆபிரிக்காவில கபோன் பக்கத்து இபோகா வேர், அதில உள்ள இபோகெயினை போதையை விடுறதுக்கெண்டு குடிச்சு இதயம் நிண்டு செத்த ஆக்கள் இருக்கினம், இது தெளிவாவே ஹெர்க் அடைப்பு. அபின் செடியில உள்ள பாப்பவெரின், கோக்கா இலையில இருந்து வாற கொக்கெயின், ரெண்டும் அடைக்கும். தாமரை விதைக்குள்ள பச்சையா ஒரு முளை இருக்கும், கசக்கும் எண்டு எடுத்தெறிவம், அதில உள்ள நெஃபெரினும் லாப்பில அடைச்சிருக்கு.

சர்ப்பகந்தாவை தனியச் சொல்லோணும். அதின்ட வேரில இருந்து சலிமுஸ்ஸமான் சித்தீக்கி எண்ட விஞ்ஞானி 1931ல பிரிச்செடுத்தது அஜ்மலின், டில்லி வைத்தியர் ஹக்கீம் அஜ்மல் கானின்ட பேரைத்தான் அதுக்கு வச்சவர். முக்கியமா சோடியம் சனலை அடைக்கும், ஹெர்க்கையும் தொடும். இண்டைக்கும் புருகாடா எண்ட இதயத் தாள வருத்தம் இருக்கோ எண்டு பாக்க ஆஸ்பத்திரியில ஊசியா ஏத்தினம். நாட்டு வேர் ஒண்டு இப்பிடி மருந்தா நிக்கிறது எனக்குப் பெருமைதான், அதே காரணத்துக்காகத்தான் அதை மருந்தாவே மதிக்கச் சொல்லுறன்.

கிரேப்ஃபுரூட் யூஸ்? எங்கட ஜம்போல?

கிரேப்ஃபுரூட்டில உள்ள ஃபியூரனோகூமரின் குடலில இருக்கிற சிப் 3ஏ4 என்சைமைக் கெடுத்திடும், உடம்பு புது என்சைம் செய்யிற மட்டும், ஒரு நாளோ கூடவோ, அந்த விளைவு நிக்கும். அதால குளிசையை காலமையும் யூசை பின்னேரமும் எடுத்தா சரி எண்டு நினைக்கக்கூடாது. அதோட நரிஞ்செனின் எண்ட சத்து தானாவே ஹெர்க்கை லேசா அடைக்கும், 2005ல வெளிவந்த ஒரு ஆய்வில சுகதேகிகள் ஒரு லீட்டர் யூஸ் குடிக்க கியூடி கொஞ்சம் நீண்டது.

பம்பளிமாசு, அதாவது ஜம்போல, கிரேப்ஃபுரூட்டின்ட தாய் வழி, ஃபியூரனோகூமரின் இதிலயும் இருக்கு. பழத்தில ரெண்டு சுளைக்கு ஆரும் பயப்பட வேண்டாம். இதயத் தாளத்துக்குக் குளிசை போடுறவை நாளாந்தம் யூஸ் அடிச்சுக் குடிக்கிறதெண்டா முதல்ல கேளுங்க. சாதாரண இனிப்புத் தோடம்பழம் பிரச்சினையில்லை.

அதிமதுரம் இனிப்பு தானே, அதில என்ன?

அது சனலை விட்டிட்டு வேற வழியால வரும். அதில உள்ள கிளிசிரிசின் சிறுநீரகத்தை ஏமாத்தி பொட்டாசியத்தை வெளிய தள்ள வைக்கும், உப்பைத் தேக்கி பிரஷரையும் ஏத்தும். கிழமைக்கணக்கா குடிச்சா பொட்டாசியம் விழும், பேந்து மேல சொன்ன கதைதான். தண்ணிக் குளிசை போடுறவைக்கு நான் அதிமதுரம் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன்.

அலரி, நாபி இதில சேராதா?

அதுகள் வேற வழி. மஞ்சள் அலரி சோடியம் பொட்டாசியம் பம்பை நிப்பாட்டும், நாபி முக்கியமா சோடியம் சனலை மூட விடாமப் பிடிக்கும். பேரில பொட்டாசியம் வந்தாலும் அந்தப் பம்ப் சனல் இல்லை, சிகிச்சையும் வேற. ரெண்டும் சரியான நஞ்சு, ஒரு துளி வாய்க்குள்ள போனதெண்டு தெரிஞ்சாலும் 1990 எண்ட அம்புலன்ஸ் நம்பருக்கு அடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போங்க, வீட்டில வைத்தியம் பாக்காதீங்க. மனம் நொந்து ஆரும் அந்தப் பக்கம் யோசிக்கிற மாதிரி தெரிஞ்சா பக்கத்தில இருங்க, 1926 எண்ட நம்பருக்கு அடிச்சு மனநல ஆக்களோட கதைக்கலாம்.

தேத்தண்ணி, மஞ்சள், இஞ்சி, மிளகு?

சமையல் அளவில குடிங்க, சாப்பிடுங்க. லாப்பில செல்லுக்கு மேல கரைசலை ஊத்தினா ஏகப்பட்ட சாமான் ஹெர்க்கை அடைக்கும், தேத்தண்ணிச் சத்தும் அதில ஒண்டு. ரத்தத்தில அந்த அளவு வருதோ எண்டதுதான் கேள்வி, ரசத்தால வராது.

ஆருக்கு ஆபத்து கூட?

பொம்பிளையளுக்கு, ஆம்பிளையளை விடக் கூட. 65 தாண்டினவை, நாடி மெதுவா ஓடுறவை, இதயம் பலவீனமானவை, பொட்டாசியமோ மக்னீசியமோ குறைஞ்சவை, குடும்பத்தில இளவயசில திடீர் மரணம் நடந்தவை. அதோட ஏற்கனவே கியூடியை நீட்டுற குளிசை போடுறவை: அமியோடரோன், சோட்டலோல், கிளரித்ரோமைசின், வயித்துக்கு எல்லாரும் தன்பாட்டில வாங்கிற டொம்பெரிடோன், மனநோய்க்கு ஹலோபெரிடோல், மூட்டு வருத்தத்துக்கு ஹைட்ரொக்சிகுளோரோகுயின். இதில ஒண்டு மட்டும் உள்ளவைக்கு பெரும்பாலும் ஒண்டும் நடக்காது, மூண்டு நாலு சேரேக்கதான் நடக்கும்.

அப்ப நாட்டு மருந்தை விடச் சொல்லுறீங்களா?

இல்லை. டொக்டர் தந்த குளிசையையும் நீங்களா நிப்பாட்டக் கூடாது, அது இதைவிடப் பெரிய பிழை. பொரளை ஆயுர்வேத ஆஸ்பத்திரிக்குப் போறவை அங்கயும் கிளினிக் கொப்பியைக் காட்டுங்க, இங்கிலீஷ் டொக்டரிட்டப் போகேக்க கசாயத்தையும் சொல்லுங்க. ஏசுவினம் எண்டு பயந்துதான் கனபேர் மறைக்கினம். ஒருக்கா ஏச்சு வாங்கினாலும் பறவாயில்லை, சொல்லுங்கோ.

எப்ப உடன ஆஸ்பத்திரிக்குப் போகோணும்?

எச்சரிக்கையில்லாம மயங்கி விழுந்தா, எழும்பி நல்லா இருந்தாலும். நெஞ்சு படபடத்து தலை சுத்தினா. வலிப்பு மாதிரி வந்தா, இதயத் தாளம் குழம்பினாலும் வலிப்பு மாதிரித்தான் தெரியும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் காசு கேக்காது.

சரையில பேர் இல்லை, கடைக்காரர் சொன்ன சிங்களப் பேரும் மறந்து போச்சு. என்ன செய்யிறது?

சரையையே கொண்டு வாங்க, அவிச்ச சக்கையெண்டாலும் பறவாயில்லை. அடுத்த முறை வாங்கேக்க கடைக்காரரிட்டயே பேனையைக் குடுத்து, சரையில பேரையும் எத்தினை கிராம் எண்டதையும் எழுதச் சொல்லுங்க, சிங்களத்தில எழுதினாலும் எங்களுக்கு விளங்கும். அதை ஃபோனில ஒரு படம் எடுத்து, கிளினிக் கொப்பியின்ட கடைசிப் பக்கத்திலயும் திகதியோட எழுதுங்க. பெரியம்மாவின்ட கொப்பியில இப்ப கடைசிப் பக்கம் என்ட கையெழுத்துதான், ஆக முதல் வரி மரமஞ்சள், நாளுக்கு ரெண்டு கோப்பை, நிப்பாட்டியாச்சு.